எண்ணெயா கிரீஸா? ஸ்பிட்ஃபயரோட முன்சக்கரத்துல ஒளிஞ்சிருக்கிற ஒரு மரை

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்ங்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிற நாலு பேர் ஒரு இடத்துல கூடினா போதும், கொஞ்ச நேரத்துல அந்தப் பேச்சு வந்துரும். முன்சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற ட்ரன்னியனுக்கு எண்ணெய் விடணுமா, கிரீஸ் அடிக்கணுமா? ஒருத்தர் காலங்காலமா கிரீஸ்தான் அடிக்கிறேன் ஒண்ணும் ஆகலைம்பார், இன்னொருத்தர் கிரீஸ் அடிச்ச வண்டி ஒண்ணு சக்கரம் மடிஞ்சு ரோட்டுல உக்காந்ததை நேர்ல பாத்தேன்பார், ரெண்டு பேருமே அனுபவஸ்தங்க, ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான். நான் இதுல எண்ணெய்க் கட்சி. ஆனா யாரு சரின்னு நிரூபிக்கிறதுக்காக இதை எழுதலை, இந்த ஒரு சின்ன பாகத்தைக் கையில எடுத்துப் பாத்ததுக்கு அப்புறம் பழைய பிரிட்டிஷ் கார்களைப் பத்தி எல்லாரும் சொல்ற பல விஷயம் எனக்குத் தப்பாத் தெரிய ஆரம்பிச்சிருச்சு, அது மனசுல கிடந்து அரிச்சிட்டே இருக்கு.

முதல்ல அந்த பாகம் என்னன்னு சொல்லிடறேன். ஸ்டியரிங்கைத் திருப்பினா முன்சக்கரம் ஏதோ ஒரு அச்சுல சுத்தணும் இல்லையா, இப்போ வர்ற பெரும்பாலான கார்ல கீழ பால் ஜாயின்ட் இருக்கும். ஸ்பிட்ஃபயர்ல மேல பால் ஜாயின்ட், கீழ ட்ரன்னியன். வெர்டிகல் லிங்க்னு ஒரு இரும்புத் தண்டு, அதோட அடி நுனியில மரை வெட்டியிருக்கும், அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள்ள முறுக்கி இறங்கியிருக்கும், ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை அந்த வெண்கலத்துக்குள்ள கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அவ்வளவுதான் ஜாயின்ட்டே. காரோட முன்பக்க எடை, பிரேக் போடும்போது வர்ற உதை, பள்ளத்துல விழுற அடி எல்லாம் இந்த மரை வழியாத்தான் போகுது. கம்பெனி கொடுத்த கையேட்டுல தெளிவா எழுதியிருக்கு, 6,000 மைலுக்கு ஒரு தடவை 90 நம்பர் கியர் ஆயில், ஜாயின்ட்டுக்கு மேல கசிஞ்சு வெளிய வர்ற வரைக்கும் விடணும்னு. இந்த ஒரு வேலைதான் அது நம்மகிட்ட கேக்குறது.

போல்ட்டு போட்டுச் சேத்த கார்

நான் இருக்கிறது இங்கிலாந்துல கோவென்ட்ரி. இந்த ஊர்ல கேன்லின்னு ஒரு பகுதி, அங்கதான் ஸ்டாண்டர்ட் ட்ரையம்ப் ஆலை இருந்துச்சு, 1962-ல இருந்து 1980 ஆகஸ்ட் வரைக்கும் ஸ்பிட்ஃபயர் அங்கிருந்து வெளிய வந்துச்சு, மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல. அந்தக் கார் பிறந்ததே ஒரு தற்செயல். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைஞ்சு கொடுத்த முதல் மாதிரி வண்டி, கம்பெனிகிட்ட காசில்லாம ஆலையோட ஒரு மூலையில துணியைப் போத்திக் கிடந்துச்சு, 1961-ல லேலண்ட் கம்பெனி ட்ரையம்பை வாங்கினப்ப வந்து பாத்தவங்க துணியைத் தூக்கிப் பாத்துட்டு இதைச் செய்யலாம்னு சொன்னாங்க.

ஆனா ஸ்பிட்ஃபயரைப் புரிஞ்சுக்கணும்னா அதுக்கு முன்னாடி வந்த ஹெரால்டைப் பாக்கணும், ஏன்னா ஸ்பிட்ஃபயரோட சேசிஸ், முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் ஹெரால்ட் குடும்பம்தான். 1950-கள்ல மத்த கம்பெனி எல்லாம் சேசிஸ் இல்லாத ஒரே கூடா பாடி கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்டாண்டர்ட் ட்ரையம்புக்கு பாடி செஞ்சு கொடுத்துட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல போட்டிக் கம்பெனி பிஎம்சி வாங்கிருச்சு, அதனால இவங்களுக்கு ஒரே துண்டா பாடி செஞ்சு தர ஆளில்லை. வேற வழியில்லாம தனி சேசிஸ், அதுமேல துண்டு துண்டா பாடி, எல்லாம் போல்ட்டு. 1959-ல ஹெரால்ட் வந்தப்போ இதைப் பழைய முறைன்னு சொன்னவங்க இருந்தாங்க. இன்னிக்கு அந்தக் காரைப் பழுது பாக்குறவங்க எல்லாருக்கும் அந்த முடிவு ஒரு வரம். அரை இஞ்ச் ஸ்பேனர் ஒண்ணு, ஏழு பை பதினாறு ஒண்ணு இருந்தா பாதிக் காரைக் கழட்டிரலாம். பானெட், ரெண்டு மட்கார்டு, முன்மூக்கு எல்லாம் ஒரே பீஸா முன்னாடி சாயும், நீங்க முன் டயர் மேல உக்காந்துக்கிட்டு இன்ஜினைப் பாக்கலாம், முதுகு வலிக்காது. வேற எந்தக் கார்லயும் எனக்கு இந்த சுகம் கிடைச்சதில்லை.

அந்த போல்ட்டுதான் இந்தக் காரைச் சென்னைக்கும் கொண்டு வந்துச்சு. துண்டு துண்டா அனுப்பி வேற நாட்டுல பூட்டுறதுக்கு வசதியான வடிவமைப்பு. 1961-ல இருந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் அங்க ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் செஞ்சாங்க, அப்புறம் நாலு கதவு வச்சு, கடைசியில அதையே மாத்தி கெஸல்னு விட்டாங்க. அதனால சென்னையில ஒரு தலைமுறை மெக்கானிக்குங்களுக்கு இந்த ட்ரன்னியன் அத்துப்படி. இதை நான் சும்மா தகவலுக்குச் சொல்லலை, என் கதை திரும்புன இடமே அதுதான்.

பில்லுல இருந்த ஒரு வரி

என் வண்டி 1972 மார்க் ஃபோர், 1296 சிசி. வாங்கும்போது கூட ஒரு தடிமனான ஃபைல் வந்துச்சு, பழைய ஓனர் ஒவ்வொரு பில்லையும் பத்திரமா வச்சிருந்தார், ரொம்ப அக்கறையான மனுஷன்னு பாத்தாலே தெரியும். பெயின்ட்டுக்கு நிறைய செலவு பண்ணியிருந்தார், குரோம் எல்லாம் புதுசு, சீட்டு புதுசு. வருஷா வருஷம் ஒரு கராஜ்ல சர்வீஸ் பில், அதுல எல்லாத்துலயும் ஒரு வரி, சேசிஸ் கிரீஸ் அடிக்கப்பட்டதுன்னு. எனக்கு அதைப் பாத்ததும் நிம்மதியா இருந்துச்சு, யாருக்குத்தான் இருக்காது.

ஓட்டும்போது ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரவுண்டானாவுல திருப்பிட்டு வெளிய வரும்போது ஸ்டியரிங் தானா நேருக்கு வரணும், இதுல வரலை, நான்தான் திருப்பிக் கொண்டு வரணும். மெதுவாப் போகும்போது கனம் வேற. இவ்வளவு லேசான காருக்கு, ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் இருக்கிற காருக்கு இந்தக் கனம் பொருந்தவே இல்லை. அந்தக் கராஜ்லயே கேட்டேன், பழைய கார்னா அப்படித்தான் இருக்கும்னாங்க. இந்த பதில் எனக்கு அன்னிக்கும் பிடிக்கலை, இன்னிக்கும் பிடிக்கலை. பழைய காருன்னா அப்படித்தான்னு சொல்றது ஒரு கண்டுபிடிப்பே இல்ல, பாக்க மாட்டேன்னு சொல்றதோட மரியாதையான வடிவம்.

எங்க மாமா ராயப்பேட்டை பக்கம் ஷெட்டு வச்சிருந்தவர், ஹெரால்டும் அம்பாசடரும்தான் அவருக்குச் சோறு போட்டது. ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல வண்டியைக் காட்டினேன். பெயின்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

"சக்கரத்தை முழுசா ஒடி மாப்ள, திரும்ப விடு. ஏன்டா இப்படி முக்குது?"

"டயர் காத்து சரியாத்தான் இருக்கு மாமா. அலைன்மென்ட்டும் பாத்தாச்சு."

"அத விடு. கீழ பித்தளைக் கட்டை இருக்கும்ல, அதுக்கு என்ன ஊத்துறாங்க?"

"பில்லுல கிரீஸ்னு போட்டிருக்கு மாமா."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "ரெண்டு பக்கமும் கழட்டாம வண்டியை ரோட்டுக்கு எடுக்காத. சொல்லிட்டேன்."

அவரு காலத்துல ஷெட்டுல 90 ஆயிலை அடிச்சு ஏத்துறதுக்குன்னே ஒரு தனி கன்னு (கைப்பம்பு) தொங்குமாம், கிரீஸ் கன்னுக்குப் பக்கத்துல. புதுசா வர்ற பையனுக்கு மொதல்ல சொல்லிக் கொடுக்குறது எண்ணெயோ கிரீஸோ உள்ள ஏத்துற முனை, அதான் நிப்பிள், எந்த நிப்பிளுக்கு எந்த கன்னுங்கிறதுதான். நிப்பிள் பாக்க ஒரே மாதிரி இருக்கும், கிரீஸ் கன்னும் அதுல அச்சா உக்காரும். தப்பு நடக்குறதுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

சிவப்புக் கோடு

அந்த வாரக் கடைசியில வண்டியை ஜாக்கியில ஏத்தி ஸ்டாண்டு குடுத்து இடது பக்கத்துல ஆரம்பிச்சேன். சக்கரத்தைக் கழட்டி, பிரேக் காலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாம கம்பி போட்டுக் கட்டி வச்சுட்டு, கீழ விஷ்போனையும் (சக்கரத்தைச் சேசிஸோட இணைக்கிற கை) ட்ரன்னியனையும் சேக்குற போல்ட்டுக்கு வந்தா அது அசையவே மாட்டேங்குது. இது எல்லாருக்கும் நடக்குறதுதான், அந்த போல்ட்டு உள்ள இருக்கிற இரும்புக் குழாயோட துருப்பிடிச்சு ஒண்ணாயிரும், சுத்தியலால அடிச்சா கட்டை சேதமாகும், ஹேக்சா பிளேடை ரெண்டு பக்க இடுக்குலயும் விட்டு அறுக்குறதுதான் வழி. மத்தியானம் முழுக்க அதுக்கே போச்சு.

அறுத்து எடுத்து கட்டையை முறுக்கிக் கழட்டினேன். ஒரு விஷயம், ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, தெரியாம திருப்பினா இன்னும் இறுகிக்கிட்டே போகும். உள்ள பாத்தா கீழ்ப்பாதியில கிரீஸ் இருக்கு, ஆனா அது கிரீஸா இல்ல, மெழுகு மாதிரி இறுகிப் போய் மரையோட பள்ளத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மேல்பாதியில ஒண்ணுமே இல்லை, காய்ஞ்சு, செம்மண் நிறத்துல பொடி. அதுக்கு மேல இருக்குற ரப்பர் சீல் விரிஞ்சு போயிருந்துச்சு, மழைத்தண்ணி, குளிர்காலத்துல ரோட்டுல கொட்டுற உப்பு எல்லாம் அந்த வழியா இறங்கியிருக்கு. எண்ணெயா இருந்தா மரை வழியா ஏறி மேல வரைக்கும் நனைச்சிருக்கும், இரும்புக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு படலமா நின்னிருக்கும். கிரீஸ் ஏறலை. ஒவ்வொரு வருஷமும் அடிச்சிருக்காங்க, அடிச்ச கிரீஸ் பழைய கிரீஸோட மேல உக்காந்து வழியை இன்னும் அடைச்சிருக்கு. பில்லுல இருந்த அந்த வரி பொய் இல்ல, வேலை நடந்திருக்கு.

மண்ணெண்ணெய்ல கழுவி பிரஷ் போட்டு தேய்ச்சதுக்கு அப்புறம் தண்டு பாக்க பரவாயில்லைன்னுதான் இருந்துச்சு. மரை தொடங்குற இடத்துல சின்னச் சின்னத் துருக்குழி, அவ்வளவுதான். கண்ணால பாத்து நிறுத்தியிருந்தா திரும்பவும் பூட்டியிருக்கலாம். ஆனா விரிசல் பாக்குறதுக்குன்னு டை ஸ்ப்ரே வருது, வாங்கி வச்சிருந்தேன். சிவப்புச் சாயத்தை அடிச்சு கொஞ்ச நேரம் ஊற விடணும், ஏதாவது வெடிப்பு இருந்தா சாயம் அதுக்குள்ள இழுத்துக்கும். அப்புறம் மேல இருக்கிறதைச் சுத்தமா துடைச்சுட்டு வெள்ளைப் பொடி ஸ்ப்ரே. வெள்ளை காயும்போது உள்ள போன சாயம் வெளிய ஊறி வரும். நான் பாத்துக்கிட்டே நின்னேன், முழுத் தண்டும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாயிருச்சு, மரையோட மேல் சுத்துல மட்டும் ஒரு இடத்துல லேசா ரோஸ் நிறம் தெரிஞ்சுச்சு, அப்படியே அது நீண்டு தண்டோட சுத்தளவுல கால்வாசிக்கு மெல்லிசா ஒரு சிவப்புக் கோடாச்சு.

அந்தத் தண்டு மேலதான் நான் எழுவது மைல் வேகத்துல மோட்டார்வேல போயிட்டு வந்திருக்கேன், பக்கத்து சீட்டுல என் பொண்ணை வச்சுக்கிட்டு. இது பொதுவா உடையறது மெதுவாப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு பார்க் பண்ணும்போதுதான், ஏன்னா அப்பதான் தண்டை வளைக்கிற விசை அதிகம். பொதுவாங்கிற வார்த்தையை நம்பி யாரும் குழந்தையை உக்கார வைக்க மாட்டாங்க. வலது பக்கத்துல விரிசல் இல்லை, துருக்குழி மட்டும்தான், ஆனா ரெண்டையுமே மாத்தினேன்.

சத்தம் போடுற பாகம், போடாத பாகம்

இதுக்கு அப்புறம் எனக்கு ஒரு கேள்வி. இந்தக் காருங்க மேல உயிரையே வச்சிருக்கவங்க எத்தனையோ பேர், நேரமும் காசும் கொட்டுறாங்க, அப்புறம் எப்படி இது தப்பிச்சுச்சு? நான் யோசிச்சுப் பாத்த வரைக்கும், கார்ல சில பாகம் தனக்கு என்னன்னு சத்தம் போட்டுச் சொல்லிரும், சிலது சொல்லாது, நம்ம அக்கறை முழுக்க சொல்ற பாகத்துக்கே போயிருது.

இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காத்தையும் கலந்து கொடுக்குற எஸ்யூ கார்புரேட்டரை எடுத்துக்கங்க. ஸ்பிட்ஃபயர்ல ரெண்டு இருக்கு. இன்ஜின் இழுக்குற காத்துக்கு ஏத்த மாதிரி உள்ள ஒரு பிஸ்டன் மேல ஏறும், அதோட அடியில கூர்மையான ஒரு ஊசி, பிஸ்டன் ஏற ஏற ஊசியும் ஜெட்டுல இருந்து மேல வந்து பெட்ரோலுக்கு அதிகமா வழி விடும். இந்த யோசனை 1900-களோட ஆரம்பத்துல ஸ்கின்னர் சகோதரர்கள் கொண்டு வந்தது, முதல்ல பிஸ்டனுக்குப் பதிலா தோல் துருத்தி வச்சிருந்தாங்க. அதை ட்யூன் பண்றது ஒரு உரையாடல் மாதிரி. இன்ஜின் சூடாகி ஓடிக்கிட்டிருக்கும்போது அடியில இருக்குற சின்ன பின்னை விரலால லேசா, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாம, மேல தள்ளுவீங்க. வேகம் ஏறி ஏறினபடியே நின்னா பெட்ரோல் அதிகம். திணறி அணையப் பாத்தா பெட்ரோல் கம்மி. ஒரு நொடி லேசா ஏறி திரும்ப பழைய இடத்துக்கே வந்தா சரியா இருக்கு. ஜெட் நட்டை ஒரு முகம் திருப்பிட்டு மறுபடி கேக்கலாம். ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காத்து இழுக்குதான்னு பாக்க ஒரு துண்டு ரப்பர் ஹோஸை காதுல வச்சு உஸ்ஸுங்குற சத்தத்தை ஒப்பிட்டா போதும். கேட்டா பதில் சொல்ற ஒரு இயந்திரம். ஞாயித்துக்கிழமை காலையில பானெட்டைத் தூக்கினா எல்லாரும் இதுக்குத்தான் போறாங்க, நானும் போறேன், அதுல இருக்குற சந்தோஷம் அப்படி.

ட்ரன்னியன் எதுவும் சொல்லாது. கொஞ்சம் கனமாகும், அதுவும் வருஷக்கணக்குல மெதுமெதுவா, ஓட்டுறவன் கை பழகிரும். உடையற இடம் கட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கு, அதனால அடியில படுத்து டார்ச் அடிச்சாலும் தெரியாது. இன்ஜினுக்குள்ள கிராங்க்ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமப் பிடிச்சு வைக்கிற த்ரஸ்ட் வாஷரும் இந்த ஜாதிதான், தேஞ்சு கழண்டு விழுந்தா பிளாக்கையே தின்னுரும், ஆனா யாரையாவது கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிட்டு முன்னாடி புல்லி எவ்வளவு நகருதுன்னு பாக்குற வரைக்கும் அது தேயுறது வெளிய தெரியாது.

2018 மே மாசத்துல இருந்து பிரிட்டன்ல 40 வருஷம் தாண்டுன காருக்கு, பெருசா மாத்தியமைக்காம இருந்தா, எம்ஓடிங்கிற வருஷாந்திர பாதுகாப்புச் சோதனை கட்டாயம் இல்லை. பழைய கார் ஓனருங்க பொறுப்பானவங்க, கம்மியாத்தான் ஓட்டுறாங்கங்கிறதுதான் காரணம். எனக்கு இதுல உடன்பாடு இல்லை. என் வண்டியோட பழைய ஓனரைவிடப் பொறுப்பான ஆளை நான் பாத்ததில்லை, அவர் ஃபைலே சாட்சி. பொறுப்பு இருந்தும் தண்டுல விரிசல். எம்ஓடியிலயும் அந்த விரிசல் தெரிஞ்சிருக்காதுதான், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை வேற ஒரு ஆள் முன்சக்கரத்தைப் புடிச்சு ஆட்டிப் பாக்குறார், விரிஞ்ச சீல் அவர் கண்ணுல படலாம், ஏன் இது இப்படி முக்குதுன்னு ஒரு தடவை கேக்கலாம். நான் காசு கட்டி வருஷா வருஷம் கொண்டு போறேன்.

பிரிட்டிஷ்காரன் வண்டி, அப்படித்தான் செஞ்சிருப்பான்னு சொல்றவங்ககிட்டயும் எனக்குச் சண்டை இருக்கு. ட்ரையம்ப்கிட்ட இருந்து வாங்குன இதே வகை அமைப்பைத்தான் லோட்டஸ் எலான்ல போட்டாங்க, ரோட்டுல அதைவிட நல்லாத் திரும்புற கார் அந்தக் காலத்துல ரொம்பக் குறைவு. எண்ணெய் இருக்கிற வரைக்கும் இந்த மரை தேயுறதே அபூர்வம். இதைச் செஞ்சவங்க சர்வீஸ் ஷெட்டுல ரெண்டு கன்னு தொங்கும்னு நம்பித்தான் செஞ்சாங்க, 1960-கள்ல அது நியாயமான நம்பிக்கை. அந்த ரெண்டாவது கன்னை ஆணியில இருந்து எடுத்துட்டது யாருன்னு தெரியலை, எல்லா காரும் நிப்பிளே இல்லாம வர ஆரம்பிச்சதும் அது தானாப் போயிருச்சுன்னு நினைக்கிறேன்.

கிரீஸ்காரங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, அதை ஒத்துக்கணும். எண்ணெய் ஒழுகும், சீல் சரியில்லைன்னா ரெண்டே மாசத்துல காலி, கையேட்டுல எண்ணெய்னு படிச்சுட்டு ஒண்ணுமே விடாம இருக்கிறவனைவிட ஒழுங்கா கிரீஸ் அடிக்கிறவன் மேல். கூழ் மாதிரி இருக்குற இளகுன கிரீஸைப் போட்டு நடுவழியா ஓட்டுறவங்களும் இருக்காங்க. ஆனா எனக்கு அந்த ஒழுகலே ஒரு நல்ல விஷயமாப் படுது. சீலுக்கு மேல எண்ணெய் கசிஞ்சு வெளிய வந்தா மரை முழுக்க நனைஞ்சிருக்குன்னு அர்த்தம், இந்தப் பாகம் நமக்குக் கொடுக்குற ஒரே தகவல் அதுதான், கிரீஸ் போட்டா அதுவும் கிடைக்காது.

புது கட்டையைப் பூட்டும்போது முழுசா முறுக்கி, அப்புறம் விஷ்போனுக்கு நேரா வர்ற அளவுக்குப் பின்னாடி திருப்பணும், அடியில இடிக்குற மாதிரி விட்டா ஸ்டியரிங் முழுசா ஒடிக்கும்போது மாட்டிக்கும். புது சீல், போல்ட்டுக்குக் கொஞ்சம் காப்பர் பேஸ்ட், அடுத்த தடவை ஹேக்சா வேண்டாம் பாருங்க. எண்ணெய்க்குன்னு ஒரு கன்னு தனியா வாங்கி, மேல சிவப்பு டேப் சுத்தி வச்சிருக்கேன். வண்டி இப்போ ரவுண்டானாவுல இருந்து வெளிய வரும்போது கையை லேசா விட்டா தானா நேருக்கு வருது, இதே காருதானான்னு இருக்கு.

ஸ்பிட்ஃபயரோ ஹெரால்டோ அதே குடும்பத்து வைட்டெஸ்ஸோ வாங்கப் போறவங்க பெயின்ட்டுக்கு முன்னாடி ஃபைலைக் கேளுங்க. கிரீஸ் அடிக்கப்பட்டதுன்னு வரி இருந்தா எந்த நிப்பிளுக்கு எதைப் போட்டீங்கன்னு கேளுங்க. சரியான பதில் வரலைன்னா ரெண்டு பக்கமும் கழட்டி டை போட்டுப் பாக்குற செலவையும், ரெண்டு வெர்டிகல் லிங்க் விலையையும் பேரத்துல கழிச்சுட்டு அப்புறம் காசைக் கொடுங்க.